ரிஷிகேஷில் முதல் ராஃப்டிங்: புதிதாகச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ரிஷிகேஷுக்குப் புறப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ராஃப்டிங்குக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு?" என்பதுதான். காற்று நிரப்பிய படகில் துடுப்பு போட்டு, ஆற்றின் வேகத்தோடு செல்வதுதான் ராஃப்டிங். கட்டணமோ கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்த மாதம், ஆற்றின் எந்தப் பகுதி, யாருடைய படகு என்ற மூன்றையும் இதே வரிசையில் முடிவு செய்துவிட்டால், கட்டணம் தானாகவே ஒரு சிறிய வரம்புக்குள் வந்துவிடும். கட்டணத்திலிருந்து தொடங்குகிறவரோ, தமக்குப் பொருந்தாத மாதத்தில், தமக்குப் பொருந்தாத பகுதியில், தளர்ந்த வார்ப்பட்டை கொண்ட மிதவைச் சட்டையுடன் ஆற்றில் இறங்கி நிற்பார். ஆகவே இந்தக் கட்டுரையையும் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஊரைப் பற்றி முதலில்

ரிஷிகேஷ் மலையூர்தான், ஆனால் நாம் நினைக்கும் மலையூர் அன்று. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ரிஷிகேஷோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில், கங்கை மலைகளை விட்டுச் சமவெளிக்குள் நுழையும் வாசலில் இருக்கிறது. மே மாதத்தில் இங்கே வெயில் நம் வேலூர் வெயிலோடு போட்டி போடும். தண்ணீர் மட்டும் பனிமலையிலிருந்து வருவது. எந்த மாதத்திலும் குளிர்ந்தே இருக்கும். தலைக்கு மேல் வெயிலும் காலடியில் பனி நீருமாக இருக்கும் இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உடை முதல் உணவு வரை திட்டமிட வேண்டும்.

புதியவர்கள் குழம்பும் இன்னொரு செய்தி, ரிஷிகேஷ் என்று நாம் சொல்வது ஓர் ஊர் அன்று என்பது. ரயில் நிலையமும் கடைவீதியும் திரிவேணி காட் என்ற படித்துறையும் டேராடூன் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆற்றின் மேற்புறமாகச் சில கிலோமீட்டர் சென்றால் வரும் முனி கி ரேதி, தபோவன் ஆகியவை டெஹ்ரி கட்வால் மாவட்டத்தைச் சேர்ந்தவை. எதிர்க்கரையில் உள்ள சுவர்காசிரமம் பௌரி கட்வால் மாவட்டம். ராஃப்டிங் அலுவலகங்களும் இளைஞர்கள் தங்கும் விடுதிகளும் பெரும்பாலும் தபோவனில் இருப்பதால், ஆற்றுக்காகவே வருகிறவர் அங்கே அறை எடுப்பது வசதி. பெற்றோரை அழைத்து வருகிறவருக்குச் சுவர்காசிரமத்தின் அமைதி பிடிக்கும். ஆனால் அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தை நடந்து கடக்க வேண்டியிருக்கலாம்.

பாலங்களின் நிலவரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். படங்களில் நாம் பார்த்துப் பழகிய லட்சுமண் ஜூலா, 1929இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்கு பாலம். பாதுகாப்பு இல்லை என்று 2019இல் மூடப்பட்டது. அதன் அருகிலேயே கண்ணாடித் தரையுடன் பஜ்ரங் சேது என்ற புதிய பாலத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அது திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ராம் ஜூலாவும், 2020இல் திறக்கப்பட்ட ஜானகி சேதுவும்தான் நடந்து கடப்பதற்கு நம்பகமான வழிகள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் டெல்லி வரை வந்து, அங்கிருந்து ரயிலில் ஹரித்வாருக்கோ, சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டப்பட்ட யோக நகரி ரிஷிகேஷ் நிலையத்துக்கோ செல்லலாம். ஹரித்வாரிலிருந்து ரிஷிகேஷ் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். விமானத்தில் வருவோருக்கு டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையம், பெயருக்குத்தான் டேராடூன். உண்மையில் ரிஷிகேஷுக்கே பக்கம். ஊருக்குள் செல்ல விக்ரம் என்று அழைக்கப்படும் பகிர்வு ஆட்டோ கிடைக்கும். ஏறும் முன்பே தபோவன் வரை செல்லுமா என்று கேட்டுவிடுங்கள், பாதி வண்டிகள் ராம் ஜூலாவோடு நின்றுவிடும்.

முதலில் மாதம்

ஜூலை, ஆகஸ்ட் இரு மாதங்களிலும் ராஃப்டிங் கிடையாது. மழைக்காலத்தில் ஆறு கலங்கி, மரங்களை இழுத்துக்கொண்டு வரும். அரசே அனுமதியை நிறுத்திவிடும். செப்டம்பர் பிற்பகுதியில் நீர்மட்டத்தைப் பார்த்துத் திறப்பார்கள். அந்தத் தொடக்க நாள்களில் தண்ணீர் இன்னும் பெருக்காகவே இருக்கும் என்பதால் முதன்முறை வருகிறவர் அவசரப்பட வேண்டாம். தவிர, ஆடி மாதத்தையொட்டி காவடி எடுத்து லட்சக்கணக்கானோர் கங்கை நீர் மொள்ள வரும் காலத்தில் ஹரித்வாரிலிருந்து மேலே செல்லும் சாலை அசையாது.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரை என் முதல் தேர்வு. சேறு அடங்கி ஆறு தெளிந்து, பச்சைக் கண்ணாடிபோல் ஓடும்; வெயிலும் இதமாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீர்மட்டம் குறைவு, குளிர் அதிகம். நனைந்த உடலில் மலைக்காற்று படும்போது பற்கள் தாமாகவே தாளம் போடும். மார்ச், ஏப்ரல் மீண்டும் நல்ல காலம். மே மாதம் தொடங்கியதும் பனி உருகி நீர் பெருகுவதோடு, பள்ளி விடுமுறைக் கூட்டமும் பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைக் கூட்டமும் ஒரே சாலையில் வந்து சேரும். பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் வண்டியில் அமர்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

மாதம் முடிவானதும் கிழமையைப் பாருங்கள். சனி, ஞாயிறு டெல்லிக்காரர்களின் நாள்கள். செவ்வாயோ புதனோ சென்றால் அதே ஆறு உங்களுக்கு மட்டும் ஓடுவதுபோல் இருக்கும். முற்பகல் படகையே கேளுங்கள். பிற்பகலில் பள்ளத்தாக்கின் வழியே கீழிருந்து மேலாகக் காற்று வீசத் தொடங்கும். காற்று நிரப்பிய படகை அந்த எதிர்க்காற்றில் துடுப்பு போட்டு நகர்த்துவது தோளுக்கு வீண் வேலை.

அடுத்து ஆற்றின் பகுதி

ராஃப்டிங்குக்கான ஆறு, ஊருக்கு மேலே பத்ரிநாத் சாலையை ஒட்டி ஓடுகிறது. ஜீப்பின் கூரையில் படகைக் கட்டி உங்களை மேலே அழைத்துச் சென்று இறக்கிவிடுவார்கள். நீங்கள் ஆற்றின் வழியே ஊருக்குத் திரும்புவீர்கள். எவ்வளவு தூரம் மேலே செல்கிறீர்கள் என்பதே நீங்கள் வாங்கும் சீட்டு. பிரம்மபுரியிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, மரைன் டிரைவ் என்ற இடத்திலிருந்து 25, கௌடியாலாவிலிருந்து 35 கிலோமீட்டருக்குச் சற்று மேலும் கீழும்.

தூரத்தைவிட முக்கியமானவை வழியில் வரும் ரேபிட்கள். ஆறு குறுகும் இடத்திலோ, பக்கத்து ஓடைகள் உருட்டிவந்த பாறைகள் குவிந்த இடத்திலோ நீர் சட்டென்று சரிந்து, நுரைத்து, அலைகளாக எழும், அதுவே ரேபிட். உலகெங்கும் இவற்றை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்பது சிற்றலை. 6 என்பது உயிரைப் பணயம் வைப்பது. ரிஷிகேஷில் பெரும்பாலானவை 2, 3, சில 4. ஆனால் இந்த எண் கல்லில் எழுதியது அன்று. கங்கையாகக் கலக்கும் இரு ஆறுகளுள் ஒன்றான பாகீரதியின் குறுக்கே 260 மீட்டர் உயரத்தில் நிற்கும் டெஹ்ரி அணையிலிருந்து திறக்கும் நீரைப் பொறுத்து இங்கே மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும். நேற்று இரண்டாய் இருந்தது இன்று மூன்றாகலாம், நேற்று பயமுறுத்திய பாறை இன்று நீருக்கடியில் மறைந்து போகலாம்.

பிரம்மபுரிப் பகுதியில் இனிஷியேஷன், டபுள் ட்ரபிள், ஹில்டன், டெர்மினேட்டர் என்று பெயர்களில் இருக்கும் மிரட்டல் நீரில் இல்லை. தண்ணீரைக் கண்டாலே தயங்குகிறவருக்கும், கூட்டத்தில் ஒருவராவது நீந்தத் தெரியாத குடும்பத்துக்கும் இது போதும். சிவபுரியிலிருந்து வந்தால் இவற்றோடு ரிட்டர்ன் டு செண்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ் ஆகியவையும் சேரும். கோல்ஃப் மைதானம்போல் குழிகள் நிறைந்ததால் கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வந்ததாகப் படகோட்டிகள் சொல்வார்கள். இங்கே குழி என்பது, பாறையின் மேல் ஏறி விழும் நீர் அடியில் இறங்கிப் பின்னோக்கிச் சுருண்டு, மேலே வருவதை மீண்டும் உள்ளே இழுக்கும் இடம். ஓரளவு உடல்வலுவும் ஆர்வமும் உள்ள புதியவருக்கு நான் சொல்வது சிவபுரிதான். இரண்டு முதல் மூன்று மணி நேரம், அலுப்பு தட்டும் முன் முடிந்துவிடும்.

மரைன் டிரைவிலிருந்து தொடங்கினால் கிராஸ்ஃபயர், த்ரீ பிளைண்ட் மைஸ் என்ற இரண்டும் கூடுதலாக வரும். கௌடியாலாவுக்குச் சென்றால் டேனியல்ஸ் டிப், அதன்பின் தி வால். தி வால் என்பது நேர் எதிரே சுவர்போல் எழும் அலை. அனுபவசாலிகளின் படகுகளையே கவிழ்த்திருக்கிறது. முதல்முறை வருகிறவர் அங்கே செல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பெரியதையே பார்த்துவிடுவோம்" என்ற எண்ணம் கோயில் பிரகாரத்துக்குப் பொருந்தலாம், ஆற்றுக்குப் பொருந்தாது.

பொதுவாக 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஏற்றுவதில்லை. இதய நோய், வலிப்பு, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் கரையில் இருப்பதே சரி. முதல்நாள் இரவு மது அருந்தியவரும் அப்படியே. ரிஷிகேஷ் நகர எல்லைக்குள் மதுவும் இறைச்சியும் விற்பனைக்கு இல்லை என்பதால் அந்தச் சிக்கல் குறைவு.

படகுக்காரரைத் தேர்ந்தெடுப்பது

தபோவன் சாலையில் பத்தடிக்கு ஒரு பலகை இருக்கும். அவற்றில் பல, வேறொருவரின் படகுக்கு ஆள் சேர்க்கும் இடைநிலைக் கடைகள். "படகு உங்களுடையதா, அரசு உரிமம் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டாலே பாதி தெளிந்துவிடும். பிறகு கேட்க வேண்டியவை மூன்று. ஒரு படகில் எத்தனை பேர்? படகோட்டியைத் தவிர எட்டுப் பேர் வரை ஏற்கலாம். அதற்கு மேல் என்றால் நடையைக் கட்டுங்கள். உடன் பாதுகாப்புக் கயாக் வருமா? ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் அந்தச் சிறு படகுதான் ஆற்றில் விழுந்தவரிடம் முதலில் வந்து சேரும். மூன்றாவது, புறப்படும் முன் கரையில் பயிற்சி விளக்கம் எவ்வளவு நேரம்? "அதெல்லாம் வண்டியிலேயே சொல்லிவிடுவோம்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குச் செல்லலாம்.

இவை மூன்றுக்கும் சரியான விடை கிடைத்த பிறகு கட்டணத்தைப் பேசுங்கள். ஹெல்மெட்டில் கேமரா வைத்து எடுக்கும் காணொளிக்குத் தனிக்கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. கரையேறி, நனைந்து, பசியோடு நிற்கும்போது பேரம் பேச யாருக்கும் தெம்பு இருக்காது.

உடை

பருத்தி வேண்டாம். நமக்குப் பருத்திதான் பழக்கம் என்றாலும், நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக் குளிரை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஜீன்ஸ் நனைந்தால் அதன் எடையே உங்களைப் பிடித்து இழுக்கும். விரைவில் காயும் செயற்கை இழை டி-சர்ட்டும் அரைக்கால் அல்லது முழுக்கால் சட்டையும் போதும். புடவையும் துப்பட்டாவும் கயிறுகளில் சிக்கிக்கொள்ளும் என்பதால் பெண்களும் இதையே அணிய வேண்டும். காலில் பின்பட்டை உள்ள செருப்போ பழைய கான்வாஸ் காலணியோ இருக்கட்டும். ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே ஹரித்வாருக்குப் போய்விடும். மோதிரம், சங்கிலி, தாலிக்கொடி ஆகியவற்றை அறையில் கழற்றி வைக்க மனம் ஒப்பாதவர்கள் குறைந்தபட்சம் உடைக்குள் இறுக்கிக் குத்திக்கொள்ளலாம்.

கண்ணாடி அணிகிறவர்களுக்கு ஒரு சொல். என் முதல் பயணத்தில் கண்ணாடியின் இரு காதுகளையும் ஒரு நூல் கயிற்றால் கட்டி, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ரோலர் கோஸ்டரின் இரண்டாவது அலை கயிற்றோடு சேர்த்து அதை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும் வரை கங்கை எனக்கு ஒரு மங்கலான பச்சை நிறம் மட்டுமே. தலையைச் சுற்றி இறுக்கும் ரப்பர் பட்டை சில பத்து ரூபாய்க்குத் தபோவனிலேயே கிடைக்கிறது.

ஆற்றில்

மிதவைச் சட்டையை அணிந்து எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பக்கப் பட்டைகளை இழுத்து முடித்ததும், அருகில் இருப்பவரிடம் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள். நீரில் விழுந்தால் சட்டை மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள். மூச்சு விடவும் முடிய வேண்டும், சட்டை ஓர் அங்குலத்துக்கு மேல் நகரவும் கூடாது. ஹெல்மெட்டும் அப்படித்தான்: நெற்றியை மூட வேண்டும், பின்னந்தலையில் தொப்பிபோல் நிற்கக் கூடாது.

துடுப்பின் மேல் நுனியில் டி வடிவத்தில் ஒரு பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியபடி இருக்க வேண்டும். படகு அலையில் துள்ளும்போது யாராவது அந்தப் பிடியை விட்டுவிட்டால், அது நேராகச் சென்று சேருமிடம் பக்கத்தில் இருப்பவரின் பல். ராஃப்டிங்கில் பெரும்பாலான காயங்கள் ஆற்றால் அல்ல, துடுப்பால்தான் என்று என் படகோட்டி சொன்னார். அவருக்கே முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது.

படகின் உள்ளே அமரக் கூடாது. விளிம்புக் குழாயின் மேல் அமர்ந்து, உள்பக்கக் காலைக் குறுக்குக் குழாயின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும். ஆணைகள் நான்கைந்துதான். "ஃபார்வர்ட்" என்றால் முன்னோக்கித் துழாவ வேண்டும், "பேக்" என்றால் பின்னோக்கி. "ஸ்டாப்" என்றதும் துடுப்பை மடிமேல் வைக்க வேண்டும். "கெட் டவுன்" என்றால் உள்ளே சரிந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும். பெரிய அலையைக் கண்டதும் துடுப்பை நிறுத்திவிடுவது புதியவர்களின் இயல்பு. துழாவுவதை நிறுத்திய படகு விசை இழந்து அலை விருப்பப்படி திரும்பும். பக்கவாட்டில் திரும்பிய படகுதான் கவிழும். பயம் வரும்போது இன்னும் அழுத்தித் துழாவுங்கள். துடுப்பு நீருக்குள் இருக்கும்வரை அதுவே உங்களுக்கு ஓர் ஊன்றுகோலும் ஆகும்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதைக் கரையிலேயே மனப்பாடம் செய்யுங்கள். மல்லாந்து படுத்து, கால்களை ஆறு ஓடும் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். வரும் பாறையைக் கால் சந்திக்கட்டும், தலை சந்திக்க வேண்டாம். ஓடும் நீரில் எழுந்து நிற்க மட்டும் முயலாதீர்கள். ஆழம் இடுப்பளவே இருந்தாலும், பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னாலிருந்து வரும் நீர் உங்களை முகம் குப்புறத் தள்ளி அழுத்திவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறக்கலாம். பையில் சுருட்டி வைத்த மீட்புக் கயிற்றை வீசினால் பையை அல்ல, கயிற்றைப் பிடியுங்கள். கையில் சுற்றிக்கொள்ளாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, கயிறு தோளுக்கு மேல் செல்லும்படி மல்லாந்தே இருங்கள். படகு கவிழ்ந்து அதன் அடியில் சிக்கினால் அங்கே மூச்சுவிடச் சிறிது காற்று இருக்கும். கைகளால் படகின் அடிப்பக்கத்தைத் தடவியபடி ஒரே திசையில் நகர்ந்தால் விளிம்பு வந்துவிடும்.

நீருக்குள் இருப்பவரைத் தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் பிசகிவிடும். மிதவைச் சட்டையின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து, அவரை ஒருமுறை நீருக்குள் அழுத்தி, அவர் மேலெழும்பும் வேகத்தோடு பின்னால் சாய்ந்தால் எடை மிகுந்தவரும் உள்ளே வந்து விழுவார்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பயணம் முழுவதும் போராட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பகுதி நேரம் ஆறு அமைதியாகவே ஓடும். அந்த இடங்களில் படகோட்டி அனுமதித்தால் மட்டும் பக்கக் கயிற்றைப் பிடித்தபடி நீரில் இறங்கி மிதக்கலாம். காதை நீருக்குள் வைத்தால், அடியில் கூழாங்கற்கள் உருளும் கரகரவென்ற ஒலி கேட்கும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

வெற்றிகரமாக ராஃப்டிங் முடித்தவர்கள் அன்று மாலையே படித்துறையில் துணிச்சலாக இறங்குவதை நான் கவலையோடு பார்க்கிறேன். அங்கே மிதவைச் சட்டையும் இல்லை, கயாக்கும் இல்லை. படியின் முடிவில் தரை சட்டென்று இறங்கும், நீரோ வேகமாக இழுக்கும். சங்கிலி கட்டிய படித்துறையில், சங்கிலியைப் பிடித்தபடி முழுகி எழுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறிச்சோடிய வெண்மணல் திட்டுகள் அழகாக இருக்கும். குளிப்பதற்கு அவை மிக மோசமான இடங்கள்.

மணல் திட்டில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கௌடியாலாவுக்கும் ரிஷிகேஷுக்கும் இடையே ஆற்றங்கரைக் கூடாரங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்தது. இப்போது முகாம் என்று விற்கப்படுபவை ஆற்றிலிருந்து தள்ளி, ஊர்களுக்குள்ளோ மலைச்சரிவிலோ இருப்பவை.

மறுநாள் தோள் வலிக்கும். கால்களுக்கு வேலை கொடுக்கலாம். விடியலுக்கு முன் வண்டியில் சென்றால், 1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் குஞ்சாபுரி கோயிலிலிருந்து பனிமலைகளின் மேல் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் தங்கிய மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமம் சுவர்காசிரமத்துக்கு அருகில் ராஜாஜி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறைக்குக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். முனி கி ரேதியில் உள்ள சிவானந்தா ஆசிரமத்துக்குள் நுழைந்தால் நம் ஊர் வாடை வீசும். பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, 1924இல் ரிஷிகேஷுக்கு வந்த சுவாமி சிவானந்தர் 1936இல் தொடங்கிய தெய்வ நெறிக் கழகத்தின் தலைமையிடம் அது.

ஒரு முழு நாள் மிஞ்சினால் 70 கிலோமீட்டர் மேலே தேவப்பிரயாகைக்குச் செல்லுங்கள். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகப் பெரியாழ்வார் பாடிய திருக்கண்டமென்னும் கடிநகர் இதுவே. இரைந்து வரும் பாகீரதியை மாமியார் என்றும், அடங்கி வரும் அலக்நந்தாவை மருமகள் என்றும் உள்ளூரார் சொல்வார்கள். இரண்டும் கலந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். சங்கமப் படியில் நின்றால் இரு நிற நீரும் சிறிது தூரம் கலக்காமல் ஓடுவது தெரியும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்; மாலையில் அந்தச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், டெல்லி ரயில் காத்திருக்காது.